கள்ளுக்கடையை மூடினால் காசு எங்கே போகும்?



"கடையை மூடிட்டா எல்லாம் சரியாகிவிடும்" என்று நாம் சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம். எங்கள் தாத்தா சேலம் ஜில்லாவில் மரமேறிக் கள் இறக்கினவர். ஆகையால் இந்தப் பாடத்தை நான் வீட்டிலேயே படித்தேன்.

சென்னை மாகாணப் பிரதமராயிருந்த ராஜாஜி, 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1938-ல் சித்தூர், கடப்பை, 1939-ல் வடஆற்காடு என்று அது பரவியது. அதனால் விளைந்த மூன்று காரியங்களைக் கவனிப்போம்.

1. குடிக்கிறவன் வீட்டில்: கூலி வாங்கித் திரும்பும் வழியில் கடை இல்லை. அந்தக் காசு அரிசியாகவும் துணியாகவும் வீட்டுக்கு வந்தது. பழைய கடனும் கொஞ்சம் அடைந்தது. இது பெரிய நன்மை. மறுப்பதற்கில்லை.

2. மரமேறி வீட்டில்: அன்றைக்கே பிழைப்பு போயிற்று. பானையில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். ஆனால் கள்ளு இறக்கினவுடனே காசு. வெல்லத்துக்கோ விறகு வேண்டும், காய்ச்சப் பெண்கள் நாளெல்லாம் அடுப்படியில் நிற்கவேண்டும், அப்புறம் சந்தைக்குச் சுமக்கவேண்டும். "கடையை மூடினது நல்லதுதான் சாமி, எங்க அடுப்பையும் சேர்த்து மூடிட்டாங்களே" என்று தாத்தா சொல்லுவார்.

3. சர்க்கார் பெட்டியில்: கலால் வருமானம் குறைந்தது. அதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. குடிக்கிறவன் கொடுத்த பணத்தை இப்போது கடையில் சாமான் வாங்குகிற எல்லாரும் கொடுத்தார்கள். 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-ல் தமிழ்நாட்டில் கடைகள் மறுபடி திறந்தன. கள்ளுக்காக வந்த வரியோ போகவில்லை! கடை மூடியபோது பிறந்த வரி, கடை திறந்த பிறகும் நின்றது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் மது அதற்கு வெளியே வைக்கப்பட்டது. அந்த வருமானத்தை மாநிலங்கள் விடவில்லை.

ஆகவே நான் கற்றுக்கொண்டது இதுவே: கடையை மூடுவது பாதி வேலை. அதனால் பிழைப்பை இழக்கிறவனுக்கு வேறு பிழைப்பு காட்டுவது மறு பாதி. அந்த மறு பாதியை மறந்தால், மூடின கடை கொல்லைப்புறத்தில் திருட்டுத்தனமாய்த் திறக்கும்.

சிந்திக்க: நம் தெருவில் குடியை விட்டவர் யார்? மிச்சப்படும் காசு அவர் வீட்டில் எங்கே போகிறது? கடையில் வேலை பார்த்தவருக்கு நாம் என்ன வேலை காட்டுவோம்? அடுத்த கூட்டத்துக்குப் பதிலோடு வாருங்கள்.