மர நிழலில் லெதர் லீஃப் பெரணி

மலைத் தோட்டங்களில் மர நிழல் அடர்ந்து விழும் இடத்தில் காய்கறி சரியாக வருவதில்லை. ஏற்காடு, கொடைக்கானல், நீலகிரி பகுதிகளில் சும்மா கிடக்கும் இத்தகைய இடங்களில், ஆண்டு முழுவதும் பச்சை மாறாத பெரணியை வளர்க்கலாம். பூங்கொத்து கட்டுவோர் வாங்கும் லெதர் லீஃப் இனம் இதற்கு ஏற்றது. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் ஓக் மர நிழலிலேயே இது வணிகப் பயிராக வளர்க்கப்படுகிறது.

வெயிலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு செடிக்குக் கிடைத்தால் போதும். அதற்குமேல் பட்டால் இலை மஞ்சளாகும். மரத்தடியை ஆழமாகக் கொத்தாமல், மக்கிய இலையும் தொழு உரமும் கலந்த மண்ணால் 15 செ.மீ. உயரத்திற்கு மேட்டுப்பாத்தி அமைக்கவேண்டும். தண்ணீர் தேங்கக்கூடாது.

பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. தரையோடு படரும் கிழங்கு போன்ற தண்டை, வளரும் நுனியும் இரண்டு மூன்று இலைகளும் இருக்கும்படி வெட்டி நடவேண்டும். பலர் தவறுவது இங்கேதான். இஞ்சி, மஞ்சளைப் போல இதை ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகிவிடும். வேர் மட்டும் மண்ணுக்குள் இருக்க, தண்டு மேலாகத் தெரியவேண்டும். ஓர் அடி இடைவெளியில் நட்டால், நடைபாதை போக ஒரு சென்ட்டுக்குச் சுமார் 350 செடிகள் பிடிக்கும். முதலில் ஒரு சென்ட் போதும். இலையை வாங்க ஆள் இருக்கிறாரா என்று நகரத்துப் பூக்கடைகளில் விசாரித்த பிறகு பரப்பைக் கூட்டலாம். நடவுக்கென்று சோலைக்காட்டில் பெரணியைப் பிடுங்கி வருவது குற்றம், நாற்றுப்பண்ணையில்தான் வாங்கவேண்டும்.

மண் காயாமல் அடிக்கடி நீர் தெளிக்கவேண்டும். உதிரும் சருகையே மூடாக்காக இடலாம்; தண்டின்மேல் மட்டும் குவிக்கக்கூடாது. இரசாயன உரம் மிகுந்தால் இலை நுனி கருகும். நத்தையையும் இலை தின்னும் புழுவையும் கையால் பொறுக்கலாம்.

முற்றிய இலையின் அடிப்புறத்தில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தோன்றும். இதைத் துரு நோய் என்று எண்ணி மருந்து அடித்துப் பணத்தை வீணாக்குவோர் உண்டு. அவை பெரணியின் வித்துப்பைகள், நோய் அல்ல.

நட்டு ஓராண்டு ஆனபின் அறுவடையைத் தொடங்கலாம். முழுதும் விரிந்து, கரும்பச்சையாகி, விறைத்து நிற்கும் இலைகளையே காலையில் அடியோடு நறுக்கி, உடனே தண்ணீரில் நிறுத்தவேண்டும். இளம் இலை கடைக்குப் போய்ச் சேருமுன் வாடிவிடும். ஒரு கட்டில் நாலு வாடினாலும் வியாபாரி மறுமுறை வாங்கத் தயங்குவார்.