அழுத்தும் கை அறிய வேண்டியவை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது முதுமொழி. ஓடுவதற்கும் தாண்டுவதற்கும் அந்தச் சுவராக இருப்பவை நம் தசைகளே. ஆண்டு விளையாட்டு விழா நெருங்கும்போது நம் பள்ளித் திடலில் இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, “கெண்டைக்கால் பிடிச்சுப் போச்சு” என்பது. மற்றொன்று, “எண்ணெய் போட்டு நல்லா அழுத்தித் தேய்ச்சு விடு” என்பது. இந்த இரண்டாவது பேச்சு எப்போது மருந்தாகும், எப்போது தீங்காகும் என்பதை விளையாடும் பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் அறிந்திருப்பது அவசியம். ஆகவே பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அதைப் பற்றி இங்கே எழுத முன்வந்தோம்.

நம் மண்ணின் கலை

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் நெடுங்காலம் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்தது. ஆதலால் சித்த மருத்துவமும் களரியும் இங்கே கலந்து வளர்ந்தன. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் அடிமுறை கற்றுக்கொடுக்கும் ஆசான்கள் வைத்தியர்களாகவும் விளங்கினர். அடிக்கக் கற்பித்த கையே அடிபட்டவனைத் தடவிக் குணப்படுத்தவும் செய்தது. விளையாட்டுப் பயிற்சியாளரும் மருத்துவரும் ஒருவரிடமே அமைந்தது போன்றது இது.

வர்மப் புள்ளிகள் 108 என்பது மரபு. அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. உடலைப் பிடித்தும் அழுத்தியும் செய்யும் சிகிச்சைக்குச் சித்த மருத்துவம் ‘தொக்கணம்’ என்று பெயரிட்டு, புறமருத்துவ முறைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். களரியிலோ இதனை உழிச்சல் என்பார்கள். மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் உழியும் முறையும் உண்டு. அது சவிட்டி உழிச்சல். பாளையங்கோட்டையில் 1964-இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. சென்னைத் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-இல் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் ஆசான் வீட்டுத் திண்ணையில் மட்டும் கற்ற கலையை இன்று கல்லூரியிலும் கற்கலாம்.

மேலைநாட்டார் முறை

ஸ்வீடன் நாட்டுப் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நிறுவினார். பின்னர் ஹாலந்து நாட்டு மருத்துவர் மெட்ஸ்கர் (1838–1909) தடவுதல், பிசைதல், தட்டுதல் முதலியவற்றை வகைப்படுத்தினார். இக்காலத்தில் ‘டீப் டிஷ்யூ மசாஜ்’ என்று கூறப்படுவது ஆழ்தசைப் பிடிப்பு முறையாகும். மேலோட்டமாகத் தேய்க்காமல், விரலாலும் முழங்கையாலும் மெதுவாக அழுத்தி, அடியிலுள்ள தசையடுக்கை எட்டுவதே இதன் நோக்கம். நம் ஆசான்களின் தொக்கணத்துக்கு இது தூரத்து உறவு எனலாம்.

தசைக்குள் நடப்பது என்ன?

கெண்டைக்காலில் மேலே ஒன்றும் அதனடியில் ஒன்றுமாக இரு பெரிய தசைகள் உள்ளன. ஆரஞ்சுச் சுளையை மெல்லிய வெண்தோல் பொதிந்திருப்பதுபோல் ஒவ்வொரு தசையையும் ஓர் உறை பொதிந்திருக்கிறது.

மருந்துவாழ்மலையில் ஏறி இறங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இறங்கியதால்தான். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அப்போது அதன் இழைகளில் மிக நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. அதனால் வரும் வலி 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் அடைந்து, சில நாட்களில் தானே தணிகிறது. “லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, தேய்த்து வெளியேற்ற வேண்டும்” என்று பலரும் சொல்வர். ஆனால் அந்த அமிலம் ஓடி முடித்த ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே குறைந்துவிடுகிறது. மறுநாள் வலிக்கு அது காரணம் அன்று.

ஆராய்ச்சி கூறுவது

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012-இல் 11 இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்கச் செய்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்தனர். பிறகு இரு கால்களின் தசையிலும் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தனர். மசாஜ் செய்த காலில் அழற்சியைத் தூண்டும் அறிகுறிகள் குறைந்திருந்தன. லாக்டிக் அமிலத்தில் மாற்றம் இல்லை.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2020-இல் 1,012 பேர் பங்கேற்ற 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். மசாஜினால் வேகமோ, தாவும் உயரமோ, வலிமையோ கூடியதற்குச் சான்று இல்லை. உடல் வளைந்துகொடுக்கும் தன்மை சிறிது கூடியது. மறுநாள் வலி சிறிது குறைந்தது. ஆக, தேய்த்துவிட்டதால் யாரும் முதற்பரிசு பெறுவதில்லை. அது ஆறுதல் தரும், பயிற்சிக்கு ஈடாகாது.

தேய்க்கக் கூடாத வேளைகள்

கால் சுளுக்கியவுடன் வீட்டில் முதலில் செய்வதே சூடான எண்ணெய் போட்டுத் தேய்ப்பதுதான். இது தவறு. புதிதாகக் கிழிந்த தசைநாரிலிருந்து உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். சூடும் அழுத்தமும் அதைப் பெருக்கும். முதல் இரண்டு மூன்று நாட்கள் தேய்க்காமல், ஓய்வு கொடுத்து, துணிப்பட்டை சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பதே நலம்.

அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ, எலும்பின்மேல் தொட்டவுடன் கடுமையாக வலித்தாலோ எலும்பு முறிந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்குமுன் யாரும் கை வைத்தல் ஆகாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கக் கூடும். அதை அழுத்தினால் உறைகட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், தோலில் புண், மரத்துப்போதல் ஆகியவை இருந்தாலும் தேய்த்தல் கூடாது. கழுத்தின் முன்புறம், அக்குள், முழங்காலின் பின்குழி ஆகிய இடங்களில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் மேலாக ஓடுவதால் அங்கே அழுத்தவே கூடாது.

நாம் செய்யத்தக்கவை

வெறும் அலுப்பும் இறுக்கமும் என்றால் நமக்கு நாமே உதவிக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் சிறிது தடவி, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாக நீவலாம். முதுகுக்கும் தோளுக்கும் சுவரில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துச் சாய்ந்து உருட்டலாம். முதுகெலும்பின்மேல் உருட்டக் கூடாது. “வலித்தால்தான் குணமாகும்” என்பது உண்மையன்று. மூச்சை அடக்கிக்கொள்ளும் அளவுக்கு வலித்தால் அழுத்தம் மிகுதி என்று பொருள். போட்டிக்கு முந்திய நாளில் ஆழமாகப் பிடித்துவிட்டால் மறுநாள் தசை நொந்திருக்கும். ஆதலால் அதற்கு இரண்டு நாள் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

பிறரிடம் செல்வதானால் முறையாகக் கற்றவரிடமே செல்ல வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண்ணே செய்தல் வேண்டும். தாயோ ஆசிரியையோ உடன் இருத்தல் வேண்டும். கதவு அடைத்த அறையில் தனியாக இருக்க யார் சொன்னாலும், அவர் பயிற்சியாளரே ஆனாலும், இணங்க வேண்டியதில்லை. தேவையில்லாத இடத்தில் கை பட்டால் “வேண்டாம்” என்று எழுந்துவிட வேண்டும்; அன்றே தாயிடமோ சிஸ்டரிடமோ சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவன்று. பிள்ளை சொன்னதை நம்பிக் கேட்பது பெரியவர்களின் கடமை.

முடிவுரை

வர்மம் கற்க வந்த சீடனின் பொறுமையையும் குணத்தையும் ஆசான் நெடுங்காலம் பார்த்த பின்பே புள்ளிகளைச் சொல்லிக்கொடுப்பார் என்பர். குணப்படுத்தும் இடமே கெடுக்கும் இடமாகவும் இருப்பதால் அந்த எச்சரிக்கை. அழுத்தத் தெரிவது பாதிக் கல்வி. எங்கே, எப்போது அழுத்தக் கூடாது எனத் தெரிவது மறுபாதி. தோழியரே, அடுத்த முறை திடலில் ஒருத்தி காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, எண்ணெய்க் குப்பியைத் தேடுமுன் “உன்னால் ஊன்றி நடக்க முடிகிறதா?” என்று அவளிடம் கேட்போமாக!