புரை நீங்கிய கண்ணும் கண்ணீர் வறட்சியும்

ஆந்திர மாநிலத்துப் புத்தூர், எலும்பு முறிவுக்குக் கட்டும் கட்டினால் தென்னாடெங்கும் பெயர் பெற்ற ஊர். முறிந்த எலும்பு கூடுவதற்கு நாள் பிடிக்கும் என்பதை அவ்வூரார் நன்கு அறிவர். அதன் அண்மையிலுள்ள திருப்பதியில் 2019-இல் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. புரை நீக்கப்பெற்ற கண்ணும், முறிந்த எலும்பைப் போலவே, ஆறுவதற்குக் காலம் வேண்டி நிற்பதாகும்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிலர், பார்வை தெளிந்திருந்தும், கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது என்பர். இது சிகிச்சை தவறியதன் அடையாளமன்று. கருவிழியில் நுண்ணிய உணர்ச்சி நரம்புகள் நிறைந்துள்ளன. இமை கொட்டுவதற்கும் கண்ணீர் ஊறுவதற்கும் அவையே தூண்டுகோல். புரையை எடுக்கச் செய்யும் வெட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டரே ஆயினும், அவ்விடத்து நரம்பிழைகள் அறுபடுகின்றன. அதனால் கண்ணீர் குறைந்து, கண்ணின் மேற்பரப்பு உலர்கிறது. பெரும்பாலோர்க்கு மூன்று மாதங்களில் இக்குறை தணியும்.

அதுவரை உதவுபவையே செயற்கைக் கண்ணீர்த் துளிகள். இவற்றிலுள்ள கார்பாக்ஸி மீத்தைல் செல்லுலோஸ் போன்ற பொருள்கள் நீரைப் பிடித்துவைத்து, இமைக்கும் கருவிழிக்கும் இடையே வழவழப்பை உண்டாக்குகின்றன.

இங்கு ஓர் இக்கட்டு உண்டு. கிருமி வளராதிருக்க மருந்தில் சேர்க்கப்பெறும் பென்சால்கோனியம் குளோரைடு, அடிக்கடி இட்டால் கண்ணின் மேற்பரப்பை வருத்தும். ஆதலின், நாள்தோறும் பலமுறை துளி இடுவோர்க்கு அது கலவாத மருந்தை மருத்துவர் தேர்வர். ஆனால் காப்புப் பொருள் இல்லாத மருந்தில் கிருமி புகுந்தால் தடுப்பாரில்லை. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில், செயற்கைக் கண்ணீரோடு தொடர்புபட்ட சூடோமோனாஸ் கிருமித் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரைப் பற்றியது, 14 பேர் பார்வை இழந்தனர், நால்வர் இறந்தனர். தூய்மையே இம்மருந்தின் உயிர் என்பதை இது காட்டுகிறது.

ஆகவே பின்வருவனவற்றை நினைவிற் கொள்க. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. கீழிமையைச் சற்றே இழுத்து ஒரு துளி மட்டும் இடுக. கண் அதற்கு மேல் கொள்ளாது. புட்டியின் நுனி இமையிலோ விரலிலோ படலாகாது. வேறு மருந்தும் உண்டாயின் ஐந்து நிமிடம் பொறுத்து இடுக. ஒருமுறைக்கென அமைந்த சிறு குப்பியை மறுநாளுக்கு வைத்தல் தகாது. ஒருவர் புட்டியை மற்றவர் பயன்படுத்தலாகாது. எஞ்சிய ஸ்டீராய்டு துளியை உறுத்தலுக்கென்று தாமே தொடர்வதும் கேடு. அது கண்ணின் அழுத்தத்தை உயர்த்தி, பார்வை நரம்பை அழிக்கக்கூடும்.

உறுத்தலோடு வலி மிகுந்தாலும், கண் சிவந்து பார்வை மங்கினாலும், அது வறட்சி அன்று. அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும். ஒருநாள் தாழ்த்தினும், மீண்ட பார்வை மீளாது போகலாம்.