ஏழு கழித்தலுக்குள் 6174

நம் மாலை வகுப்புக்கு வரும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள். கடன் வாங்கிக் கழிக்கச் சொன்னால் தடுமாறுகிறார்கள். மேல் எண்ணில் சுழி இருந்துவிட்டால் பென்சிலையே கீழே வைத்துவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் இதுவே "எனக்குக் கணக்கு வராது" என்று ஆகிவிடுகிறது. சிப்காட் வாசலிலேயே வீடு இருந்தும் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பக்கம் போகப் பயப்படுகிறார்கள்.

இதற்கு ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தோம். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். கப்ரேக்கர் கண்டுபிடித்தது. 1949-ல் நம் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் அதை அறிவித்தார். முதுகலைப் பட்டம் இல்லாதவர் என்பதால் அன்று அவரைப் பொருட்படுத்தாதவர்கள் பலர். 1975-ல் அமெரிக்காவின் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகே உலகம் அறிந்தது.

நெடுஞ்சாலையில் போகும் லாரியின் நான்கு இலக்க எண் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 4754 என்று வைப்போம். அதே இலக்கங்களால் ஆகும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும். வரும் விடையிலும் அப்படியே செய்ய வேண்டும்.

7544 − 4457 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

இனி எத்தனை முறை கழித்தாலும் 6174 தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் இங்கே வந்துவிடும். நான்கும் ஒரே இலக்கமாக இருந்தால் மட்டும் ஆகாது. 0378, 0999 போன்றவற்றில் முன்சுழியை விட்டுவிடக் கூடாது. பிள்ளைகள் வழுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

தவறாகக் கழித்தாலும் சுற்றி வந்து 6174-ல் நிற்கும். ஆகவே கடைசி விடையைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். ஒவ்வொரு வரியின் விடையிலும் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். 3+0+8+7=18. எப்போதும் 18 வரும், சில நேரம் 27. வேறு எது வந்தாலும் அந்த வரியில் பிழை இருக்கிறது.

எங்களுக்கு இதில் பிடித்தது இந்தக் கூட்டல்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய தாய்மார்கள் "நாங்க என்னத்தச் சொல்லிக்கொடுக்கிறது?" என்று கேட்கிறார்கள். அடுப்படியில் நின்றபடியே அவர்களால் இதைச் சரிபார்க்க முடியும். இரவு ஷிப்ட் போகும் அத்தாமார்கள் கிளம்பும்முன் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

மூன்று இலக்கத்திலும் இதுபோல் ஓர் எண் உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை. தம்பி, தங்கைகள் கண்டுபிடித்து, மஃரிபுக்குப் பின் நடக்கும் வகுப்பில் வந்து சொல்லட்டும்.