சிவிலா, கிரிமினலா?

சட்டம் படிக்கும் தம்பி, தங்கைகளே! எந்தத் துறை என்று முதலாண்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். 5 ஆண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரம், 3 ஆண்டுப் படிப்பில் 12 வாரம் பயிற்சி கட்டாயம். அத்தனையையும் ஒரே சீனியரிடம் கழிக்காமல் குற்றவியல், குடும்ப நலம், தொழிலாளர் நீதிமன்றம் எனப் பிரித்துக்கொள்ளுங்கள். வாய்தா நாளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனியுங்கள். குறுக்கு விசாரணையில் மனம் துள்ளுகிறதா, பத்திரமும் வில்லங்கச் சான்றும் புரட்டும்போதா என்பது தெரிந்துவிடும். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும் இருந்தால் காப்புரிமை முகவர் தேர்வு எழுதலாம். கிரிமினல் பக்கம் போகிறவர்கள் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தையும் விடாமல் படியுங்கள். 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றங்களுக்கு அதுவே பொருந்தும்.