மலைக்குப் போகும் வண்டியில் எதை மாட்டலாம், எதை விடலாம்?

சேலம் சூரமங்கலத்துக்காரர்களுக்கு மலை பக்கத்தில் இருக்கிறது. ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, கோரிமேடு என்று போய் அடிவாரத்தைத் தொட்டால் ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ராசிபுரம் வழியாகக் காரவள்ளி போனால் கொல்லிமலைக்கு 70. தார், ஜிம்னி, கூர்க்கா என்று நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் நம் தெருக்களில் பெருகியதில் ஆச்சரியம் இல்லை. வண்டி வீட்டுக்கு வந்த வாரமே பம்பர், லைட், கேரியர் என்று கடை ஏறுபவர்களும் உண்டு. போகட்டும், ஆசைதான். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நீங்கள் மாட்டும் ஒவ்வொரு கிலோவையும் அந்த வண்டிதான் மலை ஏற்ற வேண்டும், பிறகு அதே பிரேக்தான் இறக்க வேண்டும். அதனால் காசை முதலில் சக்கரத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் செலவிடுங்கள். மேலே மாட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.

1. முதல் செலவு டயர். வாரத்தில் ஆறு நாள் ஊருக்குள் ஓட்டி, ஒரு நாள் எஸ்டேட் மண் பாதையில் ஏறுபவருக்கு 'ஏ.டி.' (ஆல் டெரெய்ன்) வகை டயரே போதும். 'எம்.டி.' (மட் டெரெய்ன்) டயரில் இருக்கும் பெரிய கட்டைகள் சேற்றுக்காகச் செய்தவை. ஓமலூர் ரோட்டில் அவை போடும் இரைச்சலில் உள்ளே பேச முடியாது. மழையில் நனைந்த தார் ரோட்டில் பிடிப்பும் குறைவு. அகலமான டயர் போட ஆசைப்படுபவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மஹிந்திரா தாரின் 16 அங்குலச் சக்கரத்துக்குக் கம்பெனி தருவது 245/75. அதை 265/75 ஆக மாற்றினால் டயரின் மொத்த உயரம் 774 மி.மீ.யிலிருந்து 804 மி.மீ. ஆகும். தரை இடைவெளியில் உங்களுக்குக் கிடைப்பது அதில் பாதி, 15 மி.மீ. மட்டுமே. அதற்கு விலையாக ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் உள்ளே உரசலாம், இழுவை குறையும், ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 83இல் ஓடும். 15 மி.மீ.க்கு இவ்வளவும் வேண்டாம் என்பேன்.

2. டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கடைக்காரர் தள்ளுபடி தருகிறார் என்றால் முதலில் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஐந்தாவது டயரையும் அதே அளவில் வாங்குங்கள். அளவு மாறிய ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு ஃபோர் வீலில் ஓட்டினால் கியர் பெட்டிக்குக் கேடு.

3. சேற்றிலும் மணலிலும் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் பரந்து உட்கார்ந்து பிடிக்கும். ஆயிரக்கணக்கில் செலவு செய்து மாட்டும் பல சாமான்களைவிட இந்தக் காசில்லாத வேலை உங்களை அதிக முறை கரையேற்றும். ஆனால் தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்றியாக வேண்டும். குறைந்த காற்றோடு நாமக்கல் நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தால் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும். எனவே ஒரு சிறிய கம்ப்ரசர் அவசியம். சிகரெட் லைட்டர் துளையில் சொருகுவதைவிட, பேட்டரியில் கிளிப் போட்டு ஓட்டும் வகை நல்லது. பெரிய டயருக்கு அதுதான் தாங்கும்.

4. கம்பெனி ஜாக்கி, கம்பெனி டயருக்கான உயரத்தில் செய்தது. டயரையோ உயரத்தையோ மாற்றியவர்கள் வீட்டு வாசலிலேயே ஒருமுறை ஜாக்கி வைத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்புகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பலகை ஒன்றும் வண்டியில் இருக்கட்டும். மழை நனைத்த செம்மண்ணில் பலகை இல்லாமல் வைத்த ஜாக்கி மண்ணுக்குள்தான் இறங்கும். கூடவே இரண்டு ஆப்புக்கட்டை. நாமக்கல், சங்ககிரி லாரிகளில் கிளீனர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் கேட்டால் மீந்த மரத்தில் அறுத்துக் கொடுப்பார்கள். இவ்வளவு மலிவாக வேறெந்தப் பாதுகாப்பும் கிடைக்காது.

5. முன்னால் இரும்புக் குழாய் பம்பர் வேண்டாம். இதில் எனக்குச் சமரசமே இல்லை. மோதினால் முன்பக்கம் நசுங்கி அடியைத் தான் வாங்கிக்கொள்ளும்படிதான் வண்டியைச் செய்திருக்கிறார்கள். சேஸியோடு நேராகப் பிணைத்த இரும்பு அந்த அடியை உள்ளே இருப்பவர்களிடம் கொண்டுவந்து சேர்க்கும். ஏர்பேக் விரிய வேண்டிய நேரமும் தப்பிப்போகலாம். ஆஸ்திரேலியாவில் 1975இல் தொடங்கிய ஏ.ஆர்.பி. போன்ற கம்பெனிகள் இத்தகைய பம்பர்களைச் செய்து பெயர் வாங்கின என்றால், அது கங்காரு குறுக்கே பாயும் நாடு. நம் ஊரில் குறுக்கே வருவது ஆடும், மொபெட்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இந்த பம்பர்கள் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்கு எதிரானவை என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

6. கூடுதல் லைட் போடுபவர்கள் லைட்டைவிட ஒயரிங்கைக் கவனியுங்கள். வண்டியில் தீப்பிடிப்பதற்கு அவசர ஒயரிங் ஒரு முக்கியக் காரணம். கணக்கு எளிது. வாட்டை 12ஆல் வகுத்தால் ஆம்பியர். 120 வாட் லைட் 10 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 15 ஆம்பியர் ஃபியூஸ். அந்த ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். லைட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் ஒயர் உரசிப் பற்றும்போது அதனால் பயன் இல்லை. ரிலே கட்டாயம். ஹெட்லைட் ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிக் கொடுக்கும் கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள், வாரன்டியும் அதோடு போகும். இன்ஜின் அறையிலிருந்து உள்ளே ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். வேலை முடிந்ததும் லைட்டைக் கால் மணி நேரம் எரியவிட்டு ஒயரையும் ஃபியூஸ் பெட்டியையும் தொடுங்கள். சூடாக இருந்தால் ஒயர் மெல்லியது, மாற்றச் சொல்லுங்கள். கம்பெனி ஹெட்லைட்டில் 60/55 வாட் பல்பு போடும் இடத்தில் 100/90 வாட் பல்பு போடுவதும் இதே வகைத் தவறு. ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும்.

7. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் கூரை மேல் இருக்கும் லைட் உதவாது. வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணில்தான் அடிக்கும். பம்பருக்குக் கீழே தாழ்வாகப் பொருத்திய ஃபாக் லைட்தான் வழி காட்டும். கூரை லைட் வைத்திருப்பவர்கள் பொதுச் சாலையில் அதை மூடியே வைத்திருங்கள்.

8. லிஃப்ட் கிட் போடுமுன் வீட்டில் யார் யார் ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தாரின் தரை இடைவெளி 226 மி.மீ., ஜிம்னியின் இடைவெளி 210 மி.மீ. எஸ்டேட் பாதைக்கு இதுவே தாராளம். அதற்கு மேல் இரண்டு அங்குலம் உயர்த்தினால் முழங்கால் வலியுள்ள அம்மாவோ அத்தையோ வண்டியில் ஏறுவதையே விட்டுவிடுவார்கள். வளைவில் சாய்வு கூடும், பிரேக் ஹோஸ் இழுபடும், ஆக்சிலின் கோணம் மாறித் தேய்மானம் கூடும். சட்டப்படியும் அது 52ஆவது பிரிவின் வம்புதான். அந்தக் காசில் நல்ல ஷாக் அப்சார்பரும், காலடி வைக்க அகலமான சைடு ஸ்டெப்பும், பிடித்து ஏற உள்ளே ஒரு கைப்பிடியும் போடுங்கள். வீட்டில் எல்லோரும் வருவார்கள்.

9. கூரை கேரியர் வாங்குமுன் போர்டிகோவின் பீம் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். கேரியரில் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று வைத்தாலே 20 கிலோ, அதுவும் உச்சியில். கனமான சாமான் எல்லாம் உள்ளே, பின் சீட்டுக்குப் பின்னால், தரையோடு இருக்கட்டும். மேலே தார்ப்பாய், படுக்கை மாதிரி லேசானவை மட்டும்.

10. வின்ச் வாங்குபவர்கள் வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் திறனுள்ளதாகப் பார்க்கவும். தனியாகக் காட்டுப் பாதையில் போகாதவருக்கு அது தேவையே இல்லை. கம்பெனி கொடுத்த இழுவைக் கொக்கி, தரமான ஷாக்கிள் இரண்டு, இழுக்கும் பட்டை ஒன்று, கூடவே இன்னொரு வண்டி. இது போதும். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் நனைத்த கோணிச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். கம்பி அறுந்தால் சாட்டை மாதிரி வந்து அடிக்காமல் சாக்கு அதைத் தரையில் அமுக்கும். சுற்றி நிற்பவர்களை, முக்கியமாகப் பிள்ளைகளை, கயிற்றின் நீளத்துக்கு மேல் தள்ளி நிறுத்துங்கள். ஏற்காட்டில் மரத்தில் கட்டி இழுக்க நேர்ந்தால் மரத்தைப் பார்த்துக் கட்டுங்கள். காபித் தோட்டத்து சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். வெறுங்கம்பியைச் சுற்றினால் மரத்தின் பட்டை உரிவதோடு ஒருவருடைய விளைச்சலும் போகும். அகலமான பட்டையைச் சுற்றியே இழுக்க வேண்டும், தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான்.

11. ஸ்நார்க்கெல் குழாய் காற்று எடுக்கும் வாயை மட்டும்தான் உயர்த்துகிறது. ஆல்டர்னேட்டரும் ஒயரிங்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தாரில் கம்பெனி சொல்லும் நீரின் ஆழம் 650 மி.மீ. குழாய் மாட்டியதும் அது கூடிவிடாது. மழைநாளில் ரயில்வே சுரங்கப் பாலத்தில் இடுப்பளவு நீர் நின்றால் வண்டியைத் திருப்புவதுதான் வழி.

12. இன்ஜினுக்குக் கீழே காப்புத் தகடு போடுவது நல்ல செலவு. உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யலாம். மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். ஆயில் இறக்கும் போல்ட்டுக்கு நேரே ஓட்டை, காற்றுப் போக வழி, சேஸியில் வெல்டிங் வைக்காமல் போல்ட் போட்டு மாட்டுவது. வண்டியில் எங்கே வெல்டிங் வைத்தாலும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜினை இயக்கும் கணினியான ஈ.சி.யு. போய்விடும். தகட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் சருகு சேரும். மலைக்குப் போய் வந்ததும் குனிந்து பார்த்து எடுத்துவிடுங்கள். இதைவிட முக்கியம் ஒன்று. அறுவடைக் காலத்தில் நம் கிராமத்து ரோடுகளில் சோளத்தட்டும் கொள்ளும் பரப்பியிருப்பார்கள். அதன் மேல் ஓட்டினால் தட்டு கார்டன் ஷாஃப்ட்டில் சுற்றிக்கொண்டு, சைலன்சர் சூட்டில் பற்றும். பி.எஸ்.6 டீசல் வண்டியின் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்யும்போது சூடு 500 டிகிரியைத் தாண்டும். காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது.

13. கண்ணாடி: கறுப்பு ஃபிலிமை 2012இல் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. முன், பின் கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தையும் பக்கக் கண்ணாடி 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலுக்குக் கழற்றி மாட்டும் மறைப்பை, நிறுத்தியிருக்கும்போது மட்டும் வையுங்கள்.

14. பல ராகத்தில் கத்தும் ஹாரனுக்குச் சட்டத்தில் இடமில்லை.

15. பக்க ஏர்பேக் உள்ள வண்டிக்குச் சீட் கவர் தைக்கும்போது, அந்த இடத்தில் பிரிந்து கொடுக்கும்படி தைத்த கவர்தானா என்று கேட்டு வாங்குங்கள். ஜிம்னியில் ஆறு ஏர்பேக் இருக்கிறது. இறுக்கித் தைத்த ரெக்சின் கவர் பக்க ஏர்பேக்கை விரியவிடாது.

16. சேறு காய்வதற்குள் கழுவுங்கள். செம்மண் காய்ந்த பிறகு தேய்த்தால் பெயின்ட்டில் கீறல் விழும். முதலில் சும்மா தண்ணீர் அடித்து மண்ணை இறக்கிவிட்டுப் பிறகுதான் துணி. போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், வெயிலில் கழுவினால் வெள்ளைப் புள்ளி விழும். நிழலில் கழுவி உடனே ஈரத்தைத் துடைத்தெடுங்கள். கண்ணாடியில் ஏற்கெனவே விழுந்த புள்ளிக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் போகும். தாரின் தரையைத் தண்ணீர் விட்டே கழுவலாம். மிதியடியைத் தூக்கினால் வடிகால் மூடி தெரியும், அதைத் திறந்துவிட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். காய்ந்ததும் மூட மறக்க வேண்டாம்.

17. மாட்டிய ஒவ்வொன்றுக்கும் ஜி.எஸ்.டி. பில் வாங்கி, இன்சூரன்ஸ் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். சொல்லாமல் மாட்டிய சாமானுக்கு இழப்பீடு வராது. அனுமதியில்லாத மாற்றம் இருந்தால் மொத்த க்ளெய்மிலேயே தகராறு வரும். நம்பர் பிளேட்டை எந்தச் சாமானும் மறைக்கக் கூடாது.

18. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் காப்புக்காடு நிறைய. நாலு சக்கரமும் இழுக்கிறது என்பதற்காக வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே வண்டியை விடுவது குற்றம். எஸ்டேட் பாதையும் தனியார் நிலம்தான், கேட்டுவிட்டுப் போங்கள்.

19. இவ்வளவும் மாட்டிக் கனமான வண்டியை இறக்கும்போது, ஏறும்போது போட்ட கியரிலேயே இறக்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் பத்தாவது வளைவு வருவதற்குள் தீய்ந்த வாடை வரும். வந்தால் ஓரமாக அகன்ற இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். குறுகலான இடத்தில் எதிரே வண்டி வந்தால் ஏறுபவருக்குத்தான் முதல் உரிமை. இறங்குபவர் நீங்கள் என்றால் நின்று வழி விடுங்கள்.