பள்ளிக்கு வரும் அருங்காட்சியகம்: கூனிமேட்டுக் கடற்கரைக்கு ஓர் இரவல் பெட்டி

வரலாறு என்றவுடன் நம் பள்ளி மாணவர் நினைவுக்கு வருவன டில்லியும் பாடலிபுத்திரமும் தஞ்சையுமே. தாம் பிறந்த ஊருக்கும் வரலாறு உண்டு என்று கூறினால் அவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். இஃது அவர்கள் குற்றமன்று. பாடநூல் மாநிலம் முழுமைக்கும் ஒன்று. அதில் கூனிமேட்டுக்கென ஒரு பக்கம் ஒதுக்க இயலாது. அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லலாம் என்றால் எழும்பூர் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. சென்றாலும், கண்ணாடிக்கு இப்பால் நின்று 'தொடாதீர்' என்னும் அறிவிப்பைப் படித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இக்குறையை நீக்க மேலைநாட்டார் கண்ட வழி ஒன்றுண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் 1904-ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அது முடிந்தபின் அதன் பொருள்களில் ஒரு பகுதியைக் கொண்டு 1905-இல் அந்நகரப் பள்ளிகளுக்கென ஓர் அருங்காட்சியகம் அமைத்தனர். ஆசிரியர்கள் வேண்டிய பொருள்கள் குதிரை வண்டியில் பள்ளிவாயிலுக்கு வந்தன. பாடம் முடிந்ததும் திரும்பிச் சென்றன. சிகாகோவில் 1911-இல் ஆரிசு என்பவர் அளித்த நன்கொடையால் பீல்டு அருங்காட்சியகமும் இவ்வாறே பெட்டிகளை இரவல் வழங்கத் தொடங்கியது. நம் நாட்டில் மும்பை அருங்காட்சியகம் 2015 முதல் ஒரு பேருந்தையே காட்சிக்கூடமாக்கிப் பள்ளிதோறும் அனுப்பி வருகிறது. பேருந்து நல்லதே, ஆயினும் அது மாலையில் போய்விடும். பெட்டியோ இரண்டு வாரம் வகுப்பிலேயே தங்கும்.

அப்படி ஒரு பெட்டி கூனிமேட்டுப் பள்ளிக்கு வருமானால் அதனுள் என்ன இருக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் இக்கடற்கரையின் பழமையைச் சற்று நோக்குவோம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க நூலான 'பெரிப்ளூஸ்' சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என மூன்று துறைமுகங்களைக் குறிக்கின்றது. இவற்றுள் பொதுகே அரிக்கமேடு என்றும், சோபட்மா மரக்காணம் என்றும் அறிஞர் பலர் கொள்வர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமும் மரக்காணமே என்பது பலர் கருத்து. மரக்காணம் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அளம் என்னும் சொல் அக்காலத்திலேயே இப்பகுதியில் வழங்கிற்று. கூனிமேடும் இவ்வரிசைக்கு வெளியே நின்றதன்று. 1680-களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கு ஒரு பண்டகசாலை வைத்திருந்தது. அவர்கள் ஏடுகளில் ஊரின் பெயர் 'கானிமீர்' எனத் திரிந்து காணப்படும். 1690-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டை அவர்கள் கைக்கு வந்தபின் அவர்தம் கவனம் தெற்கே சென்றுவிட்டது. தம் ஊரின் பெயரைப் பழைய நிலப்படம் ஒன்றில் ஒரு சிறுவன் தானே தேடிக் கண்டுபிடிப்பானாகில், ஆசிரியரின் ஒரு மணிநேரச் சொற்பொழிவைவிட அது பயன் தரும். ஆகவே அந்நிலப்படத்தின் படி ஒன்று பெட்டியில் முதலிடம் பெறவேண்டும்.

அடுத்து வருவது சட்டம். பழம்பொருள்களை நாமே பொறுக்கிச் சேர்த்துப் பெட்டியில் இடலாகாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் இதற்குக் காவல். ஆலம்பரைக் கோட்டையின் உதிர்ந்த செங்கல்லாயினும் அது அங்கேயே கிடக்கவேண்டும். எனவே அரிக்கமேட்டில் கிடைத்த கூர் அடியுள்ள ரோமானிய மதுச்சாடியைக் காட்ட விரும்பினால், குயவரிடம் அதன் அடிப்பகுதியை மட்டும் மண்ணில் செய்து வாங்கிக்கொள்ளலாம். 'இது நிற்காத பானையாயிற்றே, யார் வாங்குவார்?' என்று மாணவர் நகைப்பர். அந்த நகைப்பிலிருந்துதான் பாடம் தொடங்கும். கப்பலின் அடித்தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்த்து அடுக்குதற்கு அக்கூர்முனை எவ்வாறு உதவிற்று என்பதை அவர்களே கண்டுகொள்வர்.

ஆனால் இப்பெட்டியின் உயிர் உப்பே ஆகும். உப்பு வாரும் பலகை, கூடை, படி, மரக்கால் ஆகியன உப்பளத் தொழிலாளர் வீடுகளிலிருந்தே இரவலாகப் பெறத்தக்கவை. எட்டுப்படி ஒரு மரக்கால். நானூறு மரக்கால் ஒரு கரிசை. இக்கணக்கைப் படியால் மணலை அளந்தே சிறுவர் கற்கலாம். கம்பெனியார் 1805-இல் சென்னை மாகாணத்து உப்பு வாணிகத்தைத் தம் தனியுரிமை ஆக்கிக்கொண்டதும், 1930-இல் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு நடந்ததும், 1947-இல் உப்புவரி ஒழிந்ததும் அந்த மரக்காலைக் கையில் வைத்துக்கொண்டு கூறினால் மனத்தில் நிற்கும். பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தருகே வந்து முடிவதையும், அதில் படகுகள் உப்பேற்றிச் சென்றதையும் இதனோடு சேர்த்துச் சொல்லலாம்.

மூன்று புட்டிகளும் வேண்டும்: ஒன்றில் கடல்நீர், ஒன்றில் பாத்தியில் பாதி முறுகிய நீர், ஒன்றில் உப்பு உறையும் தறுவாயில் உள்ள நீர். ஒரு கோழிமுட்டையைக் கடல்நீரில் இட்டால் மூழ்கும். முறுகிய நீரில் மிதக்கும். எனினும் முட்டை மிதந்தவுடன் உப்பு விளைந்துவிடாது. கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி பாமே. உப்பு உறையத் தொடங்குவது 25 டிகிரி அளவில். இடைப்பட்ட நிலையில் ஜிப்சம் படியும். 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கைக்கும். ஆகவே அந்த நீரை வடித்து வெளியேற்றுவர். இவையனைத்தையும் கருவியின்றியே, நீரின் நிறத்தையும் காலில் படும் உறுத்தலையும் கொண்டு கூறவல்லார் அளத்தில் உள்ளனர். பெட்டி வந்த இரண்டாம் நாளே அத்தகைய ஒருவரை வகுப்புக்கு அழைக்கவேண்டும். தன் தாய் ஆசிரியரைத் திருத்துவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, வரலாறு எங்கோ உள்ளதன்று என்று எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

கற்பிக்கும் முறை பற்றி ஒரு சொல். பொருளின் பெயரை முதலிலேயே கூறிவிடலாகாது. ஐந்து நிமிடம் கைமாறட்டும். எங்கே தேய்ந்துள்ளது, எந்தக் கை பிடித்தது, உடைந்த இடத்தை யார் ஒட்டினார் என்று அவர்களே கேட்கட்டும். இராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப்பள்ளியில் 2010-இல் தொடங்கப்பெற்ற தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்கள், பழைய எழுத்துகளைப் படிக்கக் கற்றுத் தம் வட்டாரத்தையே ஆய்ந்தார்கள். பள்ளிப்பிள்ளைகளால் இது இயலுமா என்று ஐயுறுவோர்க்கு அதுவே விடை. நம் பெட்டியிலும் கல்வெட்டு மைப்படி எடுக்கப் பழகுதற்கு, எழுத்து வெட்டிய பலகை ஒன்றும் ஈரத்தாளும் மையும் இருக்கட்டும். அப்பலகையில் வெட்டவேண்டிய சொல் 'அளம்'.

இடர்களும் இல்லாமலில்லை. பொருள் உடைந்துவிடும் என்று அஞ்சிப் பெட்டியைத் தலைமையாசிரியர் அறையிலேயே பூட்டிவைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று! ஆதலின் உடையக்கூடியன எல்லாம் மீண்டும் செய்யத்தக்கனவாக இருத்தல் வேண்டும். வீடுகளிலிருந்து வந்தவற்றிற்கு உரியவர் பெயர் எழுதிய சீட்டும், திருப்பித்தரும் நாளும் இருத்தல் வேண்டும். பெட்டியின் அடியில் கோடிட்ட குறிப்பேடு ஒன்றும் இருக்கட்டும். 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையைக் காணாத தலைமுறை இன்று வகுப்பில் அமர்ந்துள்ளது. வீட்டில் கேட்டதை ஒவ்வொரு பிள்ளையும் அதில் ஒரு பக்கம் எழுதி, அடுத்த பள்ளிக்கு அனுப்பலாம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சனவரியில் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்கும்போது பெட்டியை அனுப்புவது பொருத்தம். மாணவர் அளத்தை நேரிலும் பார்க்கலாம். பெட்டியைச் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு தச்சர், ஒரு குயவர், சில நிலப்படப் படிகள் போதும். நம் கல்லூரி வரலாற்று மன்றத்தினர் இந்த விடுமுறையிலேயே கூனிமேட்டிலும் மரக்காணத்திலும் வீடுவீடாகச் சென்று, இரவலாகத் தரக்கூடிய பொருள்களின் பட்டியலைத் தொகுக்கத் தொடங்கலாம்.